கொசு அக்கா ஒட்டிய லேபிள்

என் மனைவியை ஆஸ்பத்திரியில் கொசு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ரத்தம் எடுப்பது அவள் வேலை. முதலில் யார் வைத்த பெயர் என்று தெரியவில்லை. லிஃப்ட் இயக்குகிறவரிலிருந்து பெரிய டாக்டர் வரை எல்லார் வாயிலும் அதுதான். ஆரம்பத்தில் முறைத்துப் பார்த்தாள். பிறகு, "கொசு கடிச்சா அரிக்கும். நான் குத்தி யாருக்காவது அரிச்சிருக்கா?" என்று கேட்டு, கேலியாக வந்த பெயரையே பட்டமாக மாற்றிக்கொண்டாள்.

எனக்குப் பூட்டு சாவிக் கடை. கடை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான் உள்ளே உட்கார்ந்தால் வந்தவர் தெருவில்தான் நிற்க வேண்டும். ஆனால் ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு நேர் எதிரே இருக்கிறது. அங்கே வருவதும் போவதும் என் கண்ணுக்குத் தப்பாது. அவள் முன்வாசல் வழியாகப் போய்வருகிறவள், பேருந்து அந்தப் பக்கம்தான் நிற்கும். வேலை நேரத்தில் என்னை எட்டிப் பார்க்கிற வழக்கமும் கிடையாது. ஆகவே நாங்கள் புருஷன் பெண்டாட்டி என்பது பின்வாசல் ஆட்களுக்குத் தெரியாது.

அவளுக்கு முகம் நினைவில் நிற்காது. கைதான் நிற்கும். போன வாரம் பார்த்த மனிதர் தெருவில் வணக்கம் வைத்தால் அவரைத் தாண்டிப் போய்விடுவாள். தலைக்கனம் பிடித்தவள் என்று பேசுவார்கள். அதே மனிதர் நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டிவிட்டால் போதும், "அட, நீங்களா? மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சுதா?" என்பாள். பெண் பார்க்கப் போனபோதுகூட என் முகத்தைப் பார்த்துச் சம்மதிக்கவில்லை, தட்டை வாங்க நீட்டிய கையைப் பார்த்துத்தான் சம்மதித்தாள் என்று நான் சொல்வதுண்டு. "நல்ல நரம்பு. வேற என்ன இருக்கு உங்ககிட்ட?" என்பாள்.

இன்னொன்று, லேபிள். வந்தவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வைப்பாள். அட்டையைப் பார்ப்பாள். ரத்தம் எடுத்த டியூபில் அவர் எழுந்திருக்கும் முன் பெயரை எழுதி ஒட்டிவிடுவாள். முன்கூட்டியே எழுதி வைக்க மாட்டாள், அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விடவும் மாட்டாள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவள் கையில் ஒரு டியூப் மாறியதில்லை. வீட்டில் உப்பு டப்பாவிலும் சர்க்கரை டப்பாவிலும்கூடப் பெயர் ஒட்டியிருக்கும். என் சட்டையில் மட்டும்தான் ஒட்டவில்லை. இதில் அவளுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் தொடங்கி வைத்தது, கெடுத்ததும் அதுதான்.

முன்பெல்லாம் துப்புரவு வேலைக்கு ஆஸ்பத்திரியே ஆள் வைத்திருந்தது. பிறகு ஒரு கம்பெனியிடம் விட்டார்கள். கம்பெனி வேனில் பெண்கள் வந்து இறங்குவார்கள். நம் பேச்சு அரைகுறையாகத்தான் தெரியும். எங்கிருந்தோ அழைத்துவரப்பட்டவர்கள். எல்லாருக்கும் சாம்பல் நிறச் சீருடை. வேன் கண்ணாடிகளில் உள்ளிருந்து காகிதம் ஒட்டியிருக்கும். கூடவே ஒரு ஆள் வருவார். மாடி நடையின் கோடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பதால் அவருக்கு நாற்காலிக்காரர் என்று பெயர். யாரையும் திட்ட மாட்டார். சத்தமே போட மாட்டார். ஒன்றுக்குப் போவதானால்கூட அந்தப் பெண்கள் முதலில் அவர் பக்கம் பார்ப்பார்கள், அவர் தலையசைத்த பிறகுதான் போவார்கள் என்று என் மனைவி ஒருநாள் சொன்னாள். "நல்ல கட்டுப்பாடு" என்றேன் நான். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

காலையில் வேனிலிருந்து இறங்கும்போது, இடுப்புப் பையிலிருந்து அடையாள அட்டைகளை எடுத்து ஒவ்வொருத்திக்கும் கொடுப்பார். சாயங்காலம் ஏறும்போது திரும்ப வாங்கிக்கொள்வார். தினமும் என் கண்ணெதிரே நடந்தது. தொலைத்துவிடப் போகிறார்கள் என்று பத்திரப்படுத்துகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு சாவியை ராவிக்கொண்டிருந்தேன். தெருவே பார்த்தது. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

ஒருநாள் அந்தப் பெண்களில் ஒருத்தி குப்பைப் பையைத் தூக்கும்போது ஊசி குத்திவிட்டது. யாரோ ஒரு புத்திசாலி, பயன்படுத்திய ஊசியை அதற்கான டப்பாவில் போடாமல் பையில் வீசியிருந்தான். அது வந்த வார்டில் எச்.ஐ.வி. உள்ள நோயாளி ஒருவர் இருந்தார். ஊழியர் கிளினிக்கில் உடனே மாத்திரை ஆரம்பித்தார்கள். நான்கு வாரம் சாப்பிட வேண்டும், ஒரு நாள் விடக் கூடாது, விட்டால் தொற்று வராது என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். வாரத்துக்கு ஒருமுறை வந்து ரத்தம் கொடுத்து, அதன் முடிவு சரியாக இருந்தால் அடுத்த வாரத்து மாத்திரையை வாங்கிக்கொண்டு போக வேண்டும். அதுதான் அங்கே வழக்கம்.

முதல்முறை ரத்தம் எடுத்தது என் மனைவிதான். பெயர் கேட்டாள். அந்தப் பெண் ஒரு நொடி தயங்கி, அட்டையைக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள். பயத்தில் பெயர் மறந்துவிட்டது என்று இவள் நினைத்துக்கொண்டாள். இடது முழங்கை மடிப்பில் இரண்டு நரம்புகள் குறுக்காகப் போகிற கை. குத்தும்போது அந்தப் பெண் அழவில்லை. மாத்திரையைக் கையில் வாங்கியபோதுதான் அழுதாள்.

அடுத்த வாரம் அதே அட்டையோடு ஒருத்தி வந்தாள். அதே பெயரைச் சொன்னாள். கையை நீட்டினாள். குறுக்கு நரம்பு இல்லை.

என் மனைவி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதிலிருந்த புகைப்படம் மருந்துத் தண்ணீர் பட்டு வெளிறிக் கிடந்தது. அது யார் முகமாக வேண்டுமானாலும் இருக்கலாம். "நீதானே போன வாரம் வந்தே?" என்று கேட்டாள். அவள் தலையாட்டினாள். அட்டை சொல்கிறது, ஆளும் சொல்கிறாள். முறைப்படி எல்லாம் சரி. எடுத்து, எழுதி, ஒட்டி அனுப்பிவிட்டாள்.

மறுநாளே பரிசோதனைக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். போன வாரம் ஒரு ரத்த வகை, இந்த வாரம் வேறு வகை. மனிதருக்கு அப்படி மாறாது. டியூப் மாறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரி ஆட்களுக்கு அதைத் தவிர வேறெதுவும் தோன்றாது. ரத்தம் மாறியிருந்தால் லேபிள் தப்பு, அவ்வளவுதான். அவர்கள் ராத்திரி காண்கிற கெட்ட கனவெல்லாம் அதைப் பற்றித்தான் இருக்கும். ஆள் மாறியிருப்பார் என்ற எண்ணம் எந்தத் தலையிலும் உதிக்கவில்லை.

கூடத்தின் டாக்டரம்மா நல்லவர். "உங்க மேல எனக்குச் சந்தேகமில்ல அக்கா. ஆனா கை வேற மாதிரி இருந்துச்சுன்னு நான் எப்படி எழுதறது? மறுபடி ஒருதடவை எடுத்துருங்க. முடிவு சரியாகற வரைக்கும் மாத்திரையை நிறுத்தி வைக்கச் சொல்லியிருக்கேன்" என்றார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் செய்தி பரவிவிட்டது. கொசு அக்கா டியூபை மாற்றிவிட்டாளாம் என்று லிஃப்டில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு வீட்டில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "நான் மாத்தலைங்க" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மறுபடி எடுப்பதற்கு அந்த இரண்டாவது பெண்ணைக் கூட்டிவந்தார்கள். இந்தமுறை என் மனைவி திரையை இழுத்து மூடினாள். கொடுக்காமல் நிறுத்தி வைக்கச் சொல்லி அவளிடம் விட்டிருந்த அந்த வாரத்து மாத்திரை அட்டையை டிராயரிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தாள். "இது உன்னோடதா?"

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, தெரிந்த நாலு சொற்களைக் கோத்துச் சொன்னாள். "அவளோடது. அவகிட்ட தீந்துபோச்சு. நேத்தே தீந்துச்சு."

"அவ எங்க?"

படுக்கை விரிப்பைத் தொட்டுக் காட்டினாள். நோயாளி கை வைப்பதற்காக நாற்காலிக் கையில் மடித்துப் போட்டிருந்த ஆஸ்பத்திரி விரிப்பு. "துணி துவைக்கிற இடம். அங்கதான் எல்லாரும் தூங்கறோம். ஊசி குத்துனதும் இங்க வர வேணாம்னு சொல்லிட்டாங்க. அவ துணிக்கு. அவ அட்டை எனக்கு."

"அட்டையில இருக்கற பேரு உன் பேரா?"

"இல்ல. அவ பேரும் இல்ல. அது முன்னாடி ஒருத்தி."

"அந்த ஒருத்தி எங்க?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். தெரியாது என்றா, சொல்ல மாட்டேன் என்றா, என் மனைவிக்கு இன்றுவரை விளங்கவில்லை. மாத்திரையை நீ கொண்டுபோய்க் கொடு என்று இவள் நீட்டியதற்கு அந்தப் பெண் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். வேனில் ஏறும்போது உடம்பைத் தடவிப் பார்ப்பார்களாம். நோய் என்று தெரிந்தால் மற்றவர்கள் வேலை செய்ய மாட்டார்கள் என்று மாத்திரையைக் கண்டால் எடுத்துவிடுவார்களாம். முதல் வாரத்து மாத்திரையை ஊசி குத்துப்பட்டவள் பாவாடை மடிப்பில் தைத்து வைத்துத்தான் காப்பாற்றினாளாம்.

இவ்வளவும் கேட்ட பிறகு என் மனைவி என்ன செய்திருக்க வேண்டும்? வாயைப் பொத்திக்கொண்டு டாக்டரம்மாவிடம் போயிருக்க வேண்டும். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம். திரையை விலக்கிக்கொண்டு நேராக நடையின் கோடிக்குப் போனாள்.

"ஆள மாத்தி அனுப்பிட்டு நான் டியூப மாத்திட்டேன்னு பேரு வாங்கிக் குடுக்கறீங்களா? அவ எங்கேன்னு எனக்குத் தெரியும்" என்று நாலு வார்டுக்குக் கேட்கிற மாதிரி கத்தினாள்.

நாற்காலிக்காரர் எழுந்திருக்கவில்லை. சிரித்த முகம் மாறவும் இல்லை. "அக்கா, எங்க பொண்ணுங்க எல்லாம் பாக்க ஒரே மாதிரி இருப்பாங்க. உங்களுக்கு முகம் ஞாபகம் இருக்காதுன்னு இங்க எல்லாரும் சொல்றாங்களே" என்றார். பிறகு இவள் தோளுக்கு அப்பால், ரத்தம் எடுக்கும் அறை வாசலில் நின்ற அந்தப் பெண்ணை ஒரு பார்வை பார்த்தார். அவள் முகத்தில் ஈயாடவில்லை. அப்போதுதான் யாரைக் காட்டிக்கொடுத்துவிட்டோம் என்று என் மனைவிக்குப் புரிந்தது.

அங்கிருந்து நிர்வாக அதிகாரியிடம் ஓடினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். உங்களை யாராவது அடைத்துவைத்து வேலை வாங்கினால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள் என்று படம் போட்ட சுவரொட்டியைத் தாமே துப்புரவு அறையில் ஒட்டச் சொன்னதாகச் சொன்னார். "போனே இல்லாதவங்களுக்கு நம்பர் எதுக்கு சார்?" என்று இவள் கேட்டாள். கம்பெனியிடம் விளக்கம் கேட்கிறேன் என்றார். எந்தக் குற்றச்சாட்டு வந்தாலும் முதலில் கம்பெனியிடம் விளக்கம் கேட்க வேண்டும் என்பது அங்கே விதி. கம்பெனி சார்பில் விளக்கம் சொல்ல வருகிறவர் நாற்காலிக்காரர்தான்.

மறுநாள் காலை வேன் வந்தது. நான் கடையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்கள் இறங்கினார்கள். எல்லார் கழுத்திலும் புத்தம் புதிய அட்டை, புதிய நாடா. இறங்கியவர்களில் பாதிப் பேர் நான் பார்த்தே இராதவர்கள். உள்ளே போனதும் நாற்காலிக்காரர் என் மனைவியைத் தேடிவந்து, "நேத்து சொன்னீங்கல்ல அக்கா, எல்லா அட்டையும் சரி பண்ணிட்டோம்" என்றாராம். இரண்டாவது பெண் வரவில்லை.

அன்று சாயங்காலம் இவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதாள். எத்தனையோ சண்டை பார்த்தவன் நான். அப்படி அழுது பார்த்ததில்லை. "அவளுக்காகக் கத்தினேன்னு யார்கிட்ட வேணா சொல்லிக்கலாம். ஆனா என் பேரு கெட்டுப்போச்சேன்னுதான் கத்தினேன். திரைக்குப் பின்னாடி என்னை நம்பிச் சொன்னா. அத நான் நடையில நின்னு விட்டெறிஞ்சுட்டேன்" என்றாள். அவள் சொன்னது உண்மை. மாத்திரை அட்டை இன்னும் அவள் டிராயரில்தான் கிடந்தது. எங்கோ ஒருத்தி அது இல்லாமல் ஒவ்வொரு நாளாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை என் கடை வாசலில் ஒரு நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் நாற்காலிக்காரர்.

"அண்ணே, ஒரு இரும்புக் கதவுக்குக் கொண்டியும் பெரிய பூட்டும் போடணும். அவசரம். வேன்லயே கூட்டிப் போய்க் கொண்டுவந்து விட்டுடறேன்."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

"வெளிப்பக்கம்" என்றார், தண்ணீர் கேட்கிற மாதிரி சாதாரணமாக.

போல்ட்டு தேடுகிற சாக்கில் உள்ளே குனிந்து அவளுக்குப் போன் போட்டேன். ரகசியக் குரலில் சொன்னேன். "கிளம்பிடாதீங்க. வர்றேன்" என்றாள்.

அத்தனை வருஷத்தில் முதல்முறையாக என் மனைவி பின்வாசல் வழியாக வந்தாள். நாற்காலிக்காரர் வேன் அருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். இவள் என் முன்னால் வந்து, கைக்குட்டையில் சுற்றிய எதையோ நீட்டினாள். "அண்ணே, இந்தச் சாவிக்கு ஒரு டூப்ளிகேட் போட்டு வைங்க. சாயங்காலம் வாங்கிக்கறேன்."

கட்டின புருஷனை அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். கைக்குட்டைக்குள் எங்கள் வீட்டுச் சாவியும் அந்த மாத்திரை அட்டையும் இருந்தன. இதைப் பிறகு பலமுறை சொல்லி அவளைக் கேலி செய்திருக்கிறேன். அந்த நேரத்தில் சிரிப்பு வரவில்லை.

வேனில் ஏறினதும் காகிதம் ஒட்டிய கண்ணாடிகளால் வெளியே எதுவும் தெரியவில்லை. அந்தப் பெண்களுக்கும் தினமும் இப்படித்தான் இருந்திருக்கும். இறங்கின இடம் உயரமான மதிலுக்குள் ஒரு பெரிய கொட்டகை. உள்ளே நீராவி முகத்தில் அடித்தது. பெரிய பெரிய இயந்திரங்கள், நீளமான இஸ்திரி மேஜைகள், எங்கே பார்த்தாலும் ஆஸ்பத்திரி முத்திரை குத்திய விரிப்புகள், தலையணை உறைகள், ஆபரேஷன் அங்கிகள். நம்மவர்கள் படுத்து எழுந்த துணியெல்லாம் இங்கே வந்துதான் வெள்ளையாகிறது. பெண்கள் குனிந்த தலை நிமிராமல் மடித்துக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் மாடிப்படி, மேலே தூங்குகிற இடம் போலிருக்கிறது. நான் கொண்டி போட வேண்டிய கதவு அந்தக் கொட்டகைக்கும் வண்டிகள் நிற்கும் முற்றத்துக்கும் நடுவில் இருந்தது.

குறுக்கு நரம்புள்ள இடது கை என்று அவள் எனக்கு அடையாளம் சொல்லியிருந்தாள். எல்லாரும் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் சூட்டுத் தழும்புதான். ஒவ்வொரு கையிலும் இஸ்திரி சுட்ட தழும்பு, புதிதும் பழையதுமாக. அதில் நரம்பை எங்கே தேடுவது? கைகளைப் படிக்கிற வித்தை என் மனைவிக்குத்தான் தெரியும்.

நாற்காலிக்காரர் அங்கேயும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவில் துளை போட ஆரம்பித்தேன். பாதியில் அவருக்குப் போன் வந்தது. சத்தத்தில் கேட்கவில்லை என்று முற்றத்துப் பக்கம் எழுந்து போனார். நான் கருவிப்பெட்டியை உள்பக்கமாகத் தள்ளி வைத்து, மூடியைத் திறந்து, திருகாணிகளுக்கு நடுவில் மாத்திரை அட்டை தெரிகிற மாதிரி வைத்தேன். வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு அது தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது.

விரிப்பு மூட்டையோடு இரண்டு பெண்கள் தாண்டிப் போனார்கள். பெட்டியைப் பார்க்கவே இல்லை. மூன்றாவதாக வந்தவள் நின்றாள். மூட்டையை இறக்கினாள். அவிழ்ந்த முடிச்சைப் போடுகிற மாதிரி குனிந்தாள். நிமிர்ந்தபோது பெட்டியில் அட்டை இல்லை.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மிஞ்சிப்போனால் எங்கள் மகள் வயது இருக்கும். என் கையில் ஒரு நட்டு இருந்தது. துளை வழியாக வெளியிலிருந்து வந்த போல்ட்டில் அதை உள்பக்கம் வைத்து, ஸ்பேனரால் முறுக்காமல், இரண்டு விரலால் திருகினேன். பிறகு அவள் பார்க்கும்படி அதே இரண்டு விரலால் கழற்றிக் காட்டினேன். மறுபடி திருகினேன். மற்ற நட்டுகளையும் அப்படியேதான் போட்டேன். அவள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். புரிந்ததா என்று தெரியவில்லை.

நாற்காலிக்காரர் வந்து வெளியிலிருந்து கொண்டியை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. போல்ட்டின் தலை வெளியே இருக்கிறது. வெளியிலிருந்து இழுத்தால் எப்படி அசையும்? "நல்ல வேலை" என்றார். என் கையால் மாட்டிய கொண்டியில் என் கண்ணெதிரேயே பூட்டைப் போட்டார். உள்ளே அத்தனை பெண்கள். திரும்பி வரும்போது எனக்கு அழுகை வந்தது. ஓட்டுநர் பார்க்கிறாரே என்று தும்மினேன்.

அன்றைக்கே டாக்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு தொழிலாளர் அலுவலகத்துக்குப் போனோம். இந்தமுறை என் மனைவி குரலை உயர்த்தவில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். கம்பெனிக்கு முன்கூட்டித் தெரிவிக்க வேண்டாம் என்று ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தாள். பார்க்கிறோம், வருகிறோம் என்றார்கள். அப்புறம் கிணற்றில் போட்ட கல்தான். தினமும் போய் நின்றோம். சம்பந்தப்பட்ட அதிகாரி வெளியூர் போயிருந்தார். இதற்கிடையில் நாற்காலிக்காரர் என் கடையைத் தாண்டும்போதெல்லாம் கொஞ்சம் நின்று, "பூட்டு நல்லா இருக்குண்ணே" என்று சொல்லிவிட்டுப் போவார். அந்தப் பேச்சில் தப்பாக எதுவும் இல்லை. ஆனாலும் நான் கடையைச் சீக்கிரம் சாத்த ஆரம்பித்தேன்.

அடுத்த வாரத்து ரத்தம் எடுக்கும் நாள் வந்தது. காலையில் சலவை லாரி வழக்கம்போலப் பின்வாசலில் வந்து நின்றது. துணி வண்டிகளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் அதைப் பார்த்தேன், ஆனால் எதுவும் தோன்றவில்லை. பிறகு என் மனைவி சொல்லித்தான் மற்றது எனக்குத் தெரியும்.

அவள் மேஜையைத் துடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, "உக்காருங்க, கையை நீட்டுங்க" என்றாளாம். திரும்பினால் நாற்காலிக் கையில் ஒரு இடது கை கிடந்தது. புதுச் சூட்டுத் தழும்பு ஒன்று. அதற்குக் கீழே, முழங்கை மடிப்பில், இரண்டு நரம்புகள் குறுக்காக.

சுத்தம் செய்து பழகிய கட்டடம். எந்த நடை எங்கே போகிறது என்று அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. விடிகிற நேரத்தில் நட்டுகளைக் கழற்றி, முற்றத்துக்கு வந்து, துணி வண்டியின் அடியில் படுத்து, மேலே விரிப்பைக் குவித்துக்கொண்டு வந்திருக்கிறாள். மற்றவர்களையும் கூப்பிட்டாளாம். ஊரிலிருக்கிற பிள்ளைகளின் பெயரைச் சொல்லி ஏற்கெனவே மிரட்டி வைத்திருந்ததால் ஒருத்தியும் வரவில்லை. மாத்திரையை ஒரு நாள்கூட விடவில்லை என்று விரலால் கணக்குக் காட்டினாளாம். நடுவில் இல்லாமல் போன நாட்களைத் தவிர.

என் மனைவி திரையை மூடினாள். ரப்பர் பட்டையைக் கட்டினாள். டியூபை எடுத்தாள். பேனாவைத் திறந்ததும், பழக்கத்தில், "பேரு சொல்லுங்க" என்றாள்.

கழுத்தில் அட்டை இல்லை. குனிந்து பார்க்க எதுவும் இல்லை. அந்தப் பெண் நேராகப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள். அது முன்பு சொன்ன பெயர் இல்லை.

என் மனைவி அதை லேபிளில் எழுதினாள். எழுதின பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஒரு லேபிளும் தப்பாக ஒட்டவில்லை என்று பெருமையடித்துக்கொண்டவள், முதல் வாரம் இவள் ரத்தத்திலேயே வேறொருத்தி பெயரை ஒட்டி அனுப்பியிருக்கிறாள். அதைச் சரி என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாவது பெண்ணின் டியூபிலும் அதே பெயர். இரண்டுமே தப்பு.

டாக்டரம்மா அன்று அந்தப் பெண்ணைத் தன் காரிலேயே அதிகாரியிடம் கூட்டிப் போனார். அதிகாரிகள் போலீசோடு கொட்டகைக்குப் போனபோது கொண்டி கதவில் தொங்கிக்கொண்டிருந்தது. கதவு திறந்து கிடந்தது. இயந்திரங்கள் இருந்தன, துணிகள் இருந்தன, மேலே பாய்கள் இருந்தன. ஒரு பெண்ணும் இல்லை. நாற்காலி மட்டும் இருந்தது. அவரைப் பிடித்தார்களா என்று கேட்காதீர்கள். தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரி அந்தக் கம்பெனியை நீக்கிவிட்டது. இப்போது வெளியிலிருந்து வருகிற ஒருவர் ஒவ்வொரு ஊழியரிடமும் அவரவர் பேச்சில் தனியாகப் பேசுகிறார். அட்டை அவரவர் கையிலேயே இருக்கிறது. நிர்வாக அதிகாரி மனம்வைத்துத்தான் இதைச் செய்தார், ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு கம்பெனி, வேறு நிற வேன். கண்ணாடியில் காகிதம் இல்லை. ஆனாலும் அது வந்து நிற்கும்போது என் மனைவி ஒரு காரணமும் இல்லாமல் பின்வாசலுக்கு வந்து நிற்கிறாள். இறங்குகிறவர்களின் கைகளைப் பார்க்கிறாள்.

அந்தப் பெண் எங்கள் வீட்டில்தான் கொஞ்ச நாள் இருந்தாள். எங்கள் வீட்டுக் கதவுக்குத் தாழ் உள்பக்கம்தான். முதல் நாள் அதைப் போட்டுப் போட்டு எடுத்துப் பார்த்தாள். கடைசிப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. டாக்டரம்மாவே வீட்டுக்கு வந்து சொன்னார். என் மனைவி அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன், இந்தமுறை தும்மவில்லை. பிறகு அவள் ஊருக்குப் போனாள்.

அவள் போவதற்கு முந்தின நாள் என் மனைவி அவளிடம் இரண்டாவது பெண்ணைப் பற்றிக் கேட்டாள். பெயரைச் சொன்னால் தேடுகிறவர்களிடமாவது கொடுக்கலாம் என்று. அந்தப் பெண் வெகுநேரம் யோசித்தாள். வந்து சில நாள்தான் ஆகியிருந்தது, அட்டையில் இருந்ததைச் சொல்லித்தான் கூப்பிட்டோம், உண்மைப் பெயரைக் கேட்கவே இல்லை என்றாள்.

டாக்டரம்மா அந்த இரண்டாவது பெண்ணிடம் எடுத்த டியூபை மட்டும் எறியாமல் குளிர்பெட்டியின் கடைசித் தட்டில் வைத்திருக்கிறார். லேபிளில் இருந்தது அவள் பெயர் இல்லை. என் மனைவி அதைக் கிழித்துவிட்டுப் புதிய லேபிள் ஒட்டியிருக்கிறாள். அதில் இன்னும் எதுவும் எழுதவில்லை.